மெதுவா, தம்பி, மெதுவா!

கீழே விழுந்தவனுக்குத்தான் நிற்பதன் அருமை தெரியும். சென்ற ஆண்டு மழை நாள் ஒன்றில், எங்கள் வீட்டு மாடிப்படியில் நான்கு படிகளை ஒரே தாவலில் கடந்து தரைக்கு வந்து சேர்ந்தேன். நல்ல வேளையாக எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் வேறொன்று முறிந்துவிட்டது. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மாவுக்கட்டுப் போடமாட்டார்கள். அதற்குத் தைரியம் என்று பெயர். அறுபத்தாறு வயது வரை கால் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் நடந்தவன், அன்று முதல் ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்து நடக்கலானேன். சுவர் இருந்தால் சுவர், நாற்காலி இருந்தால் நாற்காலி, ஒன்றும் இல்லாவிட்டால் மனைவியின் தோள்!

இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிங்கப்பூரில் இருக்கும் என் மகள், "மூன்று மாதம் என்னோடு இருங்கள், அப்பா" என்று அழைத்துக்கொண்டு போனாள். அவள் வீடு ஒன்பதாவது மாடியில். அங்கே அடுக்குமாடிகளின் தரைத்தளத்தைச் சுவர் எழுப்பாமல் வெறும் தூண்களோடு திறந்து விட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் அங்கேதான்; சீனர் வீட்டுச் சாவுச் சடங்கும் அங்கேதான். காலை ஆறரை மணிக்கு, பொழுது புலர்வதற்கு முன்னால், அந்தத் தூண்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் நின்று காற்றைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், தடவிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கை மேலே போக, மறு கை கீழே வர, ஒரு கால் பூனைக் கால் போல முன்னே நகர, ஒருவர் முகத்திலும் அவசரம் இல்லை.

"என்னம்மா இது? சினிமாவை மெதுவாக ஓட்டினாற்போல இருக்கிறதே!" என்றேன்.

"தாய்ச்சி, அப்பா. நாளை முதல் நீங்களும் போகப் போகிறீர்கள்" என்றாள் மகள்.

தாய்ச்சி என்ற சொல் எனக்குப் புதிதல்ல. ஊரில் கண்ணாமூச்சி ஆடும்போது ஓடி வந்து தொட வேண்டிய இடத்துக்குத் தாய்ச்சி என்றுதான் பெயர். அதைத் தொட்டுவிட்டால் யாரும் நம்மைப் பிடிக்க முடியாது. சீனத்துத் தாய்ச்சிக்கும் இதற்கும் சொல் உறவு கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்து கிடந்த எனக்கு அந்தப் பெயரே ஒரு சமாதானமாக இருந்தது.

அவர்களுடைய ஆசிரியருக்கு எண்பத்திரண்டு வயது. எல்லோரும் அவரை 'லாவ்ஷி' என்று அழைத்தார்கள். ஆசிரியர் என்று பொருள். இளமையில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். உடன் வேலை செய்த தமிழர்களிடம் நான்கு சொற்கள் கற்றிருந்தார். தூக்கு, இறக்கு, மெதுவா, தம்பி. மற்ற பேச்செல்லாம் அவருடைய ஆங்கிலத்துக்கும் என்னுடைய ஆங்கிலத்துக்கும் ஏற்பட்ட சமரச உடன்படிக்கை. ஆனால் அந்த நான்கு சொற்களைக் கொண்டே அவர் எனக்குப் பாதி வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்றால் நீங்கள் நம்பவேண்டும்.

முதல் வாரம் முழுவதும் பாடம் ஒன்றே ஒன்றுதான். சும்மா நிற்பது! தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து, முழங்காலை விறைக்காமல், உச்சந்தலையை மேலிருந்து யாரோ நூல் கட்டித் தொங்கவிட்டாற்போல நிற்க வேண்டும். நின்றேன். அவர் பின்னால் வந்து என் தோளில் இரண்டு விரலை வைத்து, "இறக்கு, தம்பி" என்றார். இறக்குவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். விரல் பட்டதும்தான் தெரிந்தது, என் இரண்டு தோள்களும் காதுகளுக்கு அருகே ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பது. மாடிப்படியில் விழுந்த கணத்தில் ஏறிய தோள்கள், எட்டு மாதமாக இறங்கவே இல்லை!

மூச்சைப் பற்றிக் கேட்டேன். நம் நாட்டுப் பிராணாயாமம் போல இத்தனை எண்ணிக்கைக்கு இழுத்து, இத்தனை எண்ணிக்கைக்கு நிறுத்தி என்று கணக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே தொட்டுக் காட்டினார். அந்த இடத்துக்குத் தான்தியன் என்று பெயர். மனம் அங்கே இருக்கட்டும்; மூச்சு தானே அங்கே வந்து சேரும்; நீ அதை அதிகாரம் செய்யாதே என்றார். கை எழும்போது மூச்சு உள்ளே வருகிறது, கை தாழும்போது வெளியே போகிறது. அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தாய்ச்சி' என்பதில் வரும் 'ச்சி' மூச்சைக் குறிப்பது அல்ல. மூச்சையும் உயிர்ச்சக்தியையும் குறிக்கும் 'ச்சி' வேறு எழுத்து. இது 'தாய்ஜி'. இருமைகளெல்லாம் பிரிவதற்கு முன் உள்ள பேரெல்லை என்ற தத்துவச் சொல். அதனோடு முஷ்டி என்று பொருள்படும் 'ச்சுவான்' சேர்ந்தால் தாய்ஜிச்சுவான் என்ற முழுப் பெயர் கிடைக்கிறது. கிழவர்கள் காற்றைத் தடவும் இந்தக் கலையின் பெயரிலேயே ஒரு குத்துச் சண்டை ஒளிந்திருக்கிறது!

இரண்டாவது வாரம் நடை. எடையெல்லாம் ஒரு காலில் இருக்க, வெறுங்காலை முன்னே நீட்டிக் குதிகாலை வைக்க வேண்டும். வைத்த காலில் இன்னும் எடை கிடையாது. ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குகிறவன் துழாவுவதுபோலத் தரையைக் கேட்டுக்கொண்டு, அது 'சரி' என்ற பிறகு மெள்ள எடையை மாற்ற வேண்டும். நிறைந்த கால், வெறுங்கால் என்று இவற்றைப் பிரித்துச் சொல்கிறார்கள். நாம் நடக்கும் நடை ஒவ்வொன்றும் முன்னால் விழுந்து, விழுந்ததைத் தாங்கிக்கொள்வதுதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு நாள் அவர் விரலைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஓர் எழுத்து எழுதினார். 'ஸொங்' என்று வாசித்தார். தளர்வு என்று பொருள். பழைய எழுத்துமுறையில் அதன் மேற்பாதி கூந்தல். கீழ்ப்பாதி பைன் மரம். முடிந்த கூந்தலை அவிழ்த்துவிட்டாற்போல் இருக்க வேண்டுமாம். ஆனால் மரம் கீழே நிற்கிறது பார், அது விழவில்லை என்றார். கீழ்ப்பாதி மரம் வெறும் ஒலிக்குறிப்புக்காகச் சேர்ந்தது என்று மொழி நூலார் சொல்லக்கூடும். இருக்கட்டும். எனக்கு வேண்டிய பாடம் அதில் இருந்தது. தளர்வது வேறு, தளர்ந்து விழுவது வேறு.

"இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டேன். கதை எழுதிப் பிழைப்பவன் வேறென்ன கேட்பான்?

அவர் முகம் மலர்ந்தது. வூதாங் மலையில் ஜாங் சான்ஃபெங் என்று ஒரு தாவோ முனிவர் இருந்தாராம். ஒரு நாள் ஒரு பறவைக்கும் பாம்புக்கும் சண்டை நடந்ததாம். பறவை கொத்தக் கொத்தப் பாம்பு வளைந்து வளைந்து விலகியதாம். கடைசியில் களைத்துப் போனது பறவைதானாம். அதைப் பார்த்த முனிவருக்கு இந்த வித்தை பிறந்ததாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊர் திரும்பியதும் இந்த முனிவரை வைத்து ஒரு நாவல் எழுதுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குத் தகவல் சேகரிக்க நூலகத்துக்குப் போனதுதான் நான் செய்த தவறு. போகப் போக முனிவர் கையிலிருந்து நழுவிக்கொண்டே போனார். ஒரு கதையில் அவர் 12ஆம் நூற்றாண்டு ஸொங் வம்சத்துக் காலத்தவர். இன்னொன்றில் 14ஆம் நூற்றாண்டில் மிங் வம்சம் தொடங்கியபோது வாழ்ந்தவர். அவருடைய பெயரோடு சண்டை வித்தையை முதன்முதலில் பொருத்தியவர் ஹுவாங் ஜொங்ஷி என்ற பேரறிஞர். 1669இல் ஒரு மல்லருக்கு அவர் எழுதிய கல்லறை வாசகத்தில் அது வருகிறது. அதில் பறவையும் இல்லை, பாம்பும் இல்லை. முனிவரின் கனவில் தெய்வம் வந்து கற்றுக்கொடுத்ததாக இருக்கிறது. தாய்ஜி என்ற பெயர்கூட அதில் இல்லை.

அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1644இல் மிங் வம்சம் வீழ்ந்து, வடக்கிலிருந்து வந்த மஞ்சுக்கள் சீனத்தை ஆளத் தொடங்கிவிட்டார்கள். ஹுவாங் அவர்களை எதிர்த்துப் போராடித் தோற்றவர். வெளியிலிருந்து வந்த புத்த மதத்தின் ஷாவ்லின் மடத்து வித்தையைப் 'புற வித்தை' என்றும், சொந்த மண்ணின் தாவோ முனிவர் தந்ததை 'அக வித்தை' என்றும், அகமே புறத்தை வெல்லும் என்றும் அவர் எழுதியதில் வேறொரு செய்தி மறைந்திருந்தது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். வாய் திறந்து சொல்ல முடியாத காலத்தில் ஒரு முனிவரைச் சொல்ல வைத்தார் போலும்.

அப்படியானால் உண்மை எங்கே? 1930களின் தொடக்கத்தில் தாங் ஹாவ் என்ற ஆராய்ச்சியாளர் ஹெனான் மாகாணத்துக்குப் பிரயாணம் செய்தார். மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் வட்டத்தில் சென்ஜியாகோ என்று ஒரு கிராமம். சென் குடும்பத்தாரின் ஊர். அவர்களுடைய வம்சாவளி ஏட்டைப் பார்த்து, இந்தக் கலைக்கு மூலவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் என்ற போர்வீரர்தான் என்று அவர் முடிவுகட்டினார். மிங் வம்சம் வீழ்ந்த பிறகு ஊர் திரும்பிக் கழனியைப் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த வேளையில் வித்தையை வகுத்த மனிதர் அவர். கடற்கொள்ளையரை ஒடுக்கிய சி ஜிகுவாங் என்ற தளபதி தம் போர்முறை நூலில் 32 முஷ்டி நிலைகளைத் தந்திருக்கிறார். அவற்றில் 29 சென் குடும்பத்து வரிசைகளில் இருக்கக் கண்டார் தாங் ஹாவ். இந்த முடிவை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் கையில் பிடிக்கக் கிடைக்கும் மிகப் பழைய நுனி அந்தக் கிராமம்தான்.

அந்த நுனியை ஊருக்கு வெளியே இழுத்து வந்தவர் யாங் லூச்சான். 1799இல் பிறந்த ஏழை. வேலைக்காரனாகச் சேர்ந்து, இரவில் சுவர் இடுக்கு வழியே பார்த்து, குடும்பத்தார் தமக்குள் வைத்திருந்த வித்தையைத் திருடிக் கற்றார் என்பது கதை. நம் ஏகலைவனுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கதையில் ஆசிரியர் கட்டை விரலைக் கேட்கவில்லை. சென் சாங்ஷிங் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார் என்பது வரலாறு. பிறகு யாங் பெய்ஜிங் சென்று மஞ்சு அரசின் மெய்க்காவல் வீரர்களுக்கே ஆசிரியரானார். 'வெல்ல முடியாத யாங்' என்று பெயர் பெற்று 1872இல் இறந்தார்.

அவருடைய காலம் எப்படிப்பட்ட காலம்! அபினி யுத்தத்தில் சீனம் 1842இல் தோற்றது. 1860இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பேரரசரின் கோடை அரண்மனைகளைக் கொளுத்தினார்கள். யாங்கின் ஊர்க்காரரான வூ யூஷியாங் என்ற படித்த பிரபுவின் குடும்பத்தார், உப்புக் கடை ஒன்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு, மென்மை வன்மையை வெல்லும் முறையை எழுதியதும் அந்த நாட்களில்தான். பீரங்கிக்கு முன் முஷ்டி என்ன செய்யும்? போர்க்களத்தில் பயனற்றுப் போனதை அவர்கள் குப்பையில் போட்டுவிடவில்லை. அதைத் தங்கள் உடம்புக்குள் திருப்பிக்கொண்டார்கள். யாங்கின் பேரர் யாங் செங்ஃபூ 1928இல் ஷாங்காய்க்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். வேகத்தையும் குதிப்பதையும் நீக்கி, எல்லாவற்றையும் ஒரே சீரான மெதுநடையாக விரித்து வைத்தார். கிழவரும் நோயாளியும் செய்யக்கூடிய கலையாக அது மாறியது அப்போதுதான். ஆகவே, என் மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான் கண்ட மெதுநடைக்கு வயது நூறுதான் இருக்கும்!

இத்தனையும் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நாவல் போனது பெரிதல்ல. எண்பத்திரண்டு வயது மனிதரிடம், 'உங்கள் முனிவர் பொய்' என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் அவர் எதிரே நின்று பயிற்சி செய்வதும் ஒரு பொய்தானே? கால் தடுமாறியது. "ஏன் தம்பி, தோள் மறுபடி ஏறியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். தோளிடம் எதையும் மறைக்க முடியாது போலிருக்கிறது. சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "மூட்டை தூக்குகிற ஒருவன் இதைச் செய்தான் என்று சொல்லியிருந்தால், இளம் வயதில் நான் வந்திருப்பேனா? முனிவர் என்றதால் வந்தேன். வந்த பிறகு முனிவர் தேவைப்படவில்லை" என்றார்.

எனக்கு நம் சித்த மருத்துவ ஏடுகள் நினைவுக்கு வந்தன. பிற்காலத்து வைத்தியர் எத்தனை பேர் தாம் கண்டதையெல்லாம் அகத்தியர் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அவர்கள் பெயர் அழிந்தது, மருந்து பிழைத்தது. ஆனால் நான் வேறொன்றும் நினைத்தேன். முனிவருக்குக் கனவில் கிடைத்தது என்றால் அதில் வியப்பு மட்டுமே உண்டு. தோற்றுப்போய் ஊர் திரும்பிய ஒரு வீரன் கழனி வரப்பில் நின்று கண்டுபிடித்தான் என்றால், அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அன்று அவர் தம் கதையையும் சொன்னார். துறைமுகத்தில் இருந்தபோது நெஞ்சில் நோய் கண்டு ரத்தம் கக்கியிருக்கிறார். வேலை போயிற்று. அப்போதுதான் ஒருவர் ஜெங் மான்சிங்கைப் பற்றிச் சொன்னாராம். ஜெங், 1902இல் பிறந்த ஓவியர், கவிஞர், வைத்தியர். அவருக்கும் காசநோய். யாங் செங்ஃபூவிடம் கற்றுத் தேறியவர். எண்ணும் முறையைப் பொறுத்து 85 என்றும் 108 என்றும் சொல்லப்படும் நீண்ட வரிசையை 37 நிலைகளாகச் சுருக்கினார். 1949இல் தைவானுக்கும், 1964இல் நியூயார்க்குக்கும் அதைக் கொண்டு போனார். அவருடைய சீடர் ஹுவாங் ஷிங்ஷியன் 1950களில் சிங்கப்பூருக்கு வந்து, மலேசியா எங்கும் பரப்பினார். 1970இல், அறுபது வயதில், கூச்சிங் நகரில் லியாவ் குவாங்செங் என்ற மல்யுத்த வீரரை 26க்கு 0 என்று வென்றார். "எனக்கு மல்யுத்தம் வேண்டாம், மூச்சு போதும் என்று போனேன். மாத்திரையும் தின்றேன், தம்பி. இரண்டில் எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது" என்றார் லாவ்ஷி. இப்படிச் சொல்லும் ஆசிரியரைத்தான் நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நடுக்குவாத நோயாளிகள் 195 பேரை மூன்று பிரிவாக்கி 24 வாரம் வெவ்வேறு பயிற்சி கொடுத்தார்கள். தாய்ச்சி செய்தவர்களுக்கு உடம்பின் சமநிலை மற்ற இரு பிரிவினரைவிட மேம்பட்டது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

இந்தக் கலைக்கும் விழ நேர்ந்ததுண்டு. 1956இல் சீன அரசின் விளையாட்டுக் கமிஷன் எல்லோருக்குமாக 24 நிலைகள் கொண்ட எளிய வரிசையை வகுத்தது. ஆனால் மூலக் கிராமத்தில் நிலைமை வேறு. சென் ஜாவ்பி என்ற ஆசிரியர் 1958இல் அங்கே திரும்பியபோது, கற்பிக்க ஆளில்லாமல் வித்தை அழியும் தறுவாயில் இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊரில் தங்கிச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். 1966இல் கலாசாரப் புரட்சி வந்தது. பழையதெல்லாம் குற்றம் என்றார்கள். அந்தக் கிழவர் அதையும் தாங்கினார். 1972இல் அவர் இறந்தபோது சில இளைஞர்கள் தயாராகியிருந்தார்கள். பின்னாளில் உலகெங்கும் சென்று கற்பித்தவர்கள் அவர்கள்தான். 2020இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் நல்லதுதான். ஆனால் பட்டியலில் ஏறும்படி அதை உயிரோடு வைத்திருந்தது, கேட்பாரற்ற ஊரில் பத்துப் பிள்ளைகளை நிறுத்தி வைத்து 'தோளை இறக்கு' என்று சொன்ன ஒரு மனிதர்.

நான் புறப்படும் நாளும் வந்தது. அதற்குள் சிட்டுக்குருவியின் வாலைப் பிடிப்பதும், வெண்கொக்கு இறகு விரிப்பதும், மேகம்போல் கைகளை அலைவிப்பதும் ஒருவாறு வந்திருந்தன. ஒற்றைக் காலில் நிற்கும் பொற்சேவல் மட்டும் வரவில்லை. இரண்டு விநாடியில் சேவல் தரைக்கு வந்துவிடும். கடைசி நாளும் அப்படியே வந்தது. வெட்கத்தோடு அவரைப் பார்த்தேன்.

"விழவில்லையே! நீயாகத்தானே காலை வைத்தாய்?" என்றார். பிறகு தம் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். எழுபதுக்குக் குறைந்தவர் என்னைத் தவிர அங்கே யாருமில்லை. "ஊருக்குப் போய் யாருக்காவது சொல்லிக்கொடு, தம்பி."

"எனக்கு என்ன தெரியும்?" என்று பதறினேன்.

"நிற்கத் தெரியுமே. அதைச் சொல்லிக்கொடு. மற்றதற்கு வேறு ஆள் வருவார்."

இப்போது ஊரில் இருக்கிறேன். மாடிப்படியில் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். ஆனால் படியைப் பார்க்காமல் எதிரே பார்த்து இறங்குகிறேன். காலையில் மொட்டை மாடியில் நான் நிற்பதைப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால் அதிகாரி பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் வேலியோரம் வந்து, "என்ன சார், ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார். போன மாதம் குளியலறையில் வழுக்கியவர் அவர். மேலே வரச் சொன்னேன். முழங்காலை விறைக்காமல் நிற்கச் சொல்லி, பின்னால் போய்த் தோளில் இரண்டு விரலை வைத்தேன். இரண்டும் காதோரம் ஏறி உட்கார்ந்திருந்தன.

"இறக்குங்கள், சார். மெதுவா" என்றேன்.